கீசர்க்காரர் கேட்ட கேள்வி

வந்தவுடன் பையைத் திறக்க மாட்டார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வருவார். பாத்ரூம் வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேள்விகளை ஆரம்பிப்பார்.

"எப்போலேர்ந்து பத்தல? டிக்கு டிக்குன்னு சத்தம் வருதா, அதுவும் வரலியா? பத்தவே இல்லியா, இல்ல பத்திக்கினு அப்புறமா அணையுதா? சிலிண்டர் மாத்தனீங்களா? பேட்டரி போட்டு எத்தினி மாசம் ஆவுது? மேல டேங்க்ல தண்ணி இருக்குதா?"

பாத்ரூம் சுவரில் மாட்டுகிற கேஸ் கீசர்தான் அவருடைய உலகம். குழாயைத் திறந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும். கரண்ட் வேண்டாம், இரண்டு பெரிய பேட்டரி போதும் என்பதால் திருத்தணியில் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு அது வருஷத்துக்கு இரண்டு முறையாவது பற்றாமல் போகும். அப்போது எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான்.

கேள்விகளைக் கேட்டு ஆண்களுக்கு எரிச்சல் வரும். "ரிப்பேர் பாக்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?" என்று எங்கள் எதிர் லாட்ஜ் மேனேஜர் கேலி செய்வார். பெண்களுக்கு அவரைப் பிடிக்கும். வீட்டுக்குள் வருகிற எந்த மெக்கானிக்கும் பெண்கள் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. இவர் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டு, "ஆங்", "ஆங்" என்று தலையாட்டி, கேட்டதை அப்படியே நம்பி, அங்கிருந்து வேலையைத் தொடங்குவார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. போலீஸ் காகிதத்தில் ஒருமுறை படித்தேன். இங்கே எழுதப்போவதில்லை. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடியும் பொய் சொன்னேன். அவர் செத்துப்போய்விட்டார். இதை எழுத ஏழு வருஷம் ஆகியிருக்கிறது எனக்கு.

ஆடிக்கிருத்திகைச் சமயத்தில் ஒருநாள் எதிர் லாட்ஜில் கீசர் பற்றவில்லை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்ட கூட்டம் துண்டோடு வராந்தாவில் நிற்கிறது. பாதிப் பேர் ஆந்திராக்காரர்கள். மேனேஜர் குதிக்கிறார். இவர் வந்து சாவகாசமாகக் கையைப் பின்னால் கட்டினார்.

"எந்தெந்த ரூம்ல குளிக்கிறாங்க சார்?"

"யோவ், மொதல்ல கழட்டுய்யா!"

"கழட்டறதுக்கு அஞ்சு நிமிசம் சார். எத்த கழட்டறதுன்னு தெரியணும் இல்ல?"

மாடிக்குப் போனார். ஆறு அறைக்கும் கீழே ஒரே கீசர்தான், ஆறிலும் குழாய் ஒரே நேரத்தில் திறந்திருந்தது. தண்ணீர் வேகம் இல்லையென்றால் கீசர் பற்றாது. கதவு கதவாகத் தட்டி, "ஒக்க ட்யாப் சாலண்டி", ஒரு குழாய் போதும் என்று தெலுங்கில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு ஐந்து குழாயை மூடவைத்தார். கீழே 'பொக்' என்று பற்றிக்கொண்டது. ஸ்க்ரூ ட்ரைவரை வெளியே எடுக்கவே இல்லை.

அவர் கெட்டிக்காரத்தனத்தை விட அவருடைய மரியாதையைச் சொல்லவேண்டும். எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது. பக்கத்துத் தெரு டீச்சரம்மா வீட்டில் ஒருமுறை, "பேட்டரி இப்பத்தான் மாத்தினேன்" என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். நம் ஆள் பேட்டரிப் பக்கமே போகவில்லை. கீசரைச் சுவரிலிருந்து இறக்கி, பர்னரைக் கழற்றி, ஃபில்டரில் உப்பைச் சுரண்டி, பகல் சாப்பாட்டை விட்டு மூன்று மணிவரை மல்லுக்கு நின்றார். கடைசியில் டீச்சரம்மாவுக்கே ஞாபகம் வந்தது. புதுப் பேட்டரியை டார்ச்சில் போட்டுவிட்டுப் பழையதை மறுபடி கீசரில் போட்டிருக்கிறார். இவர் சிரித்துக்கொண்டே, "டார்ச்சு பளிச்சுன்னு எரியும்மா உங்க வூட்ல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டார்.

அப்போது நானும் அங்கே இருந்தேன். "ஏன்ணா, மொதல்லயே அத தொறந்து பாத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மாத்திட்டேன்னு அவங்க சொல்றாங்க. அதுக்கப்புறமும் நான் தொறந்து பாத்தேன்னா, உங்க பேச்ச நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இல்லியாமா?"

இப்படி ஒரு மனிதர். பற்றவைக்கும் முன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், ஜெபம் செய்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்கு, "ஜெபமா? கேஸ் வாசன வருதான்னு மோந்து பாக்கறேன்மா" என்றார். கண்ணை மூடினால் மூக்கு நன்றாக வேலை செய்யுமாம். அந்த மூக்கை அவர் மிகவும் நம்பினார்.

இன்னொரு குணம் உண்டு. கீசர் பற்றாமல் வீட்டைவிட்டுப் போகமாட்டார். 'நாளைக்கு வரேன்' என்கிற சொல்லே அவர் வாயில் வராது. சின்ன ஓட்டை வழியாக உள்ளே நீலச் சுடரைப் பார்த்து, அதை வீட்டுக்காரம்மாவையும் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மொபெட்டை எடுப்பார். இதற்காகவே அவரிடம் ஒரு கெட்ட வழியும் இருந்தது. கீசருக்குள் ஒரு சின்ன வில்லை இருக்கும். சூடு மீறிப்போனாலோ, புகை வெளியே போக வழியில்லாமல் திரும்பி வந்தாலோ, அது தானாகவே கேஸை நிறுத்திவிடும். காவலுக்கு வைத்த சாமான். ஆனால் எங்கள் ஊர்த் தூசிக்கும் உப்புக்கும் அது சும்மா சும்மா கெட்டுப்போய், ஒன்றுமில்லாததற்கெல்லாம் கீசரை அணைத்துவிடும். புது வில்லை சென்னையிலிருந்து வரவேண்டும். அதுவரை ஒரு வீடு வெந்நீர் இல்லாமல் இருப்பதை அவரால் பொறுக்கமுடியாது. வில்லையை எடுத்துவிட்டு, அதற்குப் போகிற இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுவார். கீசர் அணையாமல் எரியும். அந்த வீட்டுக்காரர்கள் அதோடு மறந்துவிடுவார்கள், புது வில்லையை யாரும் கேட்பதில்லை.

அது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒயரைச் சேர்க்கும் முன் மட்டும் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். பாத்ரூமுக்குக் காற்றுப் போக்குவரத்து இருக்கிறதா என்ற கேள்வி. இல்லை என்றால் சேர்க்கமாட்டார்.

என் தங்கை வசந்தி முதல் பிரசவத்துக்கு வந்தது மார்கழியில். அம்மாவும் அப்பாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை, மலையடிவாரத்தில் பெற்றோர் விட்டுப்போன வீடு, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குத் திருவள்ளூரில் வேலை. அவருடைய அம்மா, "கல்யாணம் ஆகாதவங்க, பிள்ளை பெத்தவள எப்படிப் பாத்துக்குவாங்க?" என்று என் காது படவே கேட்டார். அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. அம்மா இருந்தால் என்னவெல்லாம் செய்வாளோ அதில் ஒன்றையும் விடக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது எனக்கு. பத்தியச் சாப்பாடு, காயமருந்து, சாம்பிராணி என்று எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பெண் குழந்தை. வசந்தி என்னைப் பார்த்து, "நீ அம்மாவ விட மோசம்க்கா" என்று சிரிப்பாள்.

பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக்கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் முதல் சட்டம். காதில் பஞ்சு, தலையில் துணி, குளிக்கிற இடத்தில் ஒரு பொந்து இருக்கக்கூடாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை முதுகிலும் வயிற்றிலும் அடித்து ஊற்றவேண்டும், வெளிக்காற்று ஒரு துளி பட்டாலும் ஜன்னி கண்டுவிடும். நான் இரண்டு பழைய உள்பாவாடையையும் கிழிந்த நைட்டி ஒன்றையும் சுருட்டி, பாத்ரூமின் மேல் ஜன்னலில் இறுக்கி அடைத்தேன். கதவுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டேன்.

முதல் நாலைந்து நாள் ஒன்றுமில்லை, அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சினேன். அப்புறம் கை ஓயவில்லை என்று கீசருக்கு மாறினோம். பாதிக் குளியலில் அது அணைந்துவிட்டது. வசந்தியின் முதுகில் பச்சைத் தண்ணீர் விழுந்து, பல் கிட்டி நடுங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வருவதற்குள் பாத்ரூமை ஒழுங்கு செய்தேன். வெளி ஆண்பிள்ளை வந்து நிற்கப்போகிற இடத்தில் உள்பாவாடை தொங்கினால் எப்படி இருக்கும்? எடுத்து அலமாரிக்குள் ஒளித்தேன். அவர் கேள்விகளைக் கேட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, இருபது நிமிடம் எரியவிட்டுப் பார்த்தார். நீலமாக நின்று எரிந்தது. மறுநாள் நான் துணியை அடைத்தேன், எட்டு நிமிடத்தில் அணைந்தது. மறுபடி அவர் வந்தார், மறுபடி நான் துணியை எடுத்து ஒளித்தேன், மறுபடி எரிந்தது. "என் மூஞ்ச பாத்தா எரியுது, உங்கள பாத்தா அணையுதும்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கே கோளாறு என்று இப்போது படிக்கிறவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இந்த ஒன்றை நம்புங்கள்.

மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மதியம்வரை அவர் வேலைக்குப் போவதில்லை என்று ஊருக்கே தெரியும். ஃபோனில் நான் அழுதுவிட்டேன். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தார்.

"மன்னிச்சிக்குங்கண்ணா, பூசைய விட்டுட்டு..."

"பச்ச ஒடம்புக்காரி வெந்நி இல்லாம கெடக்கறா, அங்க உக்காந்து ஜெபம் பண்ணி இன்னாமா ஆவப்போவுது?"

எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பேட்டரி, ரெகுலேட்டர், டியூப், தண்ணீர் வேகம், எதிலும் குறை இல்லை. மிச்சம் வில்லைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். நிமிர்ந்து மேல் ஜன்னலைப் பார்த்தார். வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, அவங்க குளிக்கறப்பவும் இந்த ஜன்னலு இப்படியே தொறந்துதான இருக்கும்?"

அலமாரிக்குள் உள்பாவாடை இருந்தது. ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது, எந்தத் துணி என்று எப்படிச் சொல்வது? அந்த நொடியில் எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தான்.

"ஆமாண்ணா, தொறந்துதான் இருக்கும்" என்றேன்.

"அப்போ பயமில்ல." ஒயரைச் சேர்த்தார். குனிந்து நீலச் சுடரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இனிமேல் அணையாது என்றார். காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

அணையவில்லை. முதல் நாள் குளித்துவிட்டு வந்து வசந்தி, "தல சுத்துதுக்கா" என்றாள். ரத்தம் போன உடம்பு என்று பால் காய்ச்சிக் கொடுத்தேன். எனக்கும் மண்டையிடி, சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவள் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டது. "நீ போய் அவளப் பாருக்கா, நானே ஊத்திக்கறேன்" என்றாள். காற்று புகாமல் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்தேன். குழந்தையை மடியில் போட்டு ஆட்டினேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருந்ததால்தான் கவலைப்படாமல் இருந்தேன். குழந்தை தூங்கிய பிறகு போய்க் கதவைத் தள்ளினேன். வசந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கீசர் எரிந்துகொண்டுதான் இருந்தது, சுடர் மட்டும் மஞ்சளாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே உயிர் இல்லை. மூடிய அறையில் காற்று போதாமல் எரிந்தால் வாசனையே இல்லாத ஒரு நச்சுப் புகை வருமாம், தூக்கம் மாதிரி ஆளைக் கொண்டுபோய்விடுமாம். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார், எனக்கு அந்தத் துணிதான் கண் முன்னால் நின்றது. அவளைத் தூக்கப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தபோது யாரும் மேலே பார்க்கவில்லை. துணி அங்கேயே இருந்தது. போலீஸ் வருகிறது என்று கேட்டதும் நான் தனியாக வீட்டுக்குள் போய் அதை உருவி எடுத்தேன். கை தானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். யோசித்துத்தான் எடுத்தேன். துவைத்துக் கொடியில் காயப்போட்டேன்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு அவரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். "வில்லைய எடுத்துட்டு ஒயர சேத்தது நான்தான் சார்" என்று, கேட்பதற்கு முன்பே சொன்னார். மாப்பிள்ளை பாய்ந்து அவரை அறைந்தார், ஒன்று இல்லை, பல தடவை. அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. வெள்ளைச் சட்டையின் பட்டன் அறுந்து என் காலடியில் உருண்டது. அப்போது வாயைத் திறந்திருக்கவேண்டும் நான். வாக்குமூலம் எழுதிக்கொண்ட போலீஸ்காரர் என்னைக் கேட்டார், "பாத்ரூம்ல ஜன்னல் இருக்குதாம்மா?" இருக்கிறது என்றேன். "தொறந்து இருந்துச்சா?" திறந்திருந்தது என்றேன். கையெழுத்துப் போட்டேன். போலீஸ் கேஸ் அவர் பேரில் ஆனது.

ஏன் பொய் சொன்னாய் என்றால், குழந்தை. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அவளைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நின்றார்கள். அவளுக்கு வசந்தியின் முகம். துணியை அடைத்தது நான் என்று தெரிந்தால் அந்த முகத்தை எனக்கு ஆயுசுக்கும் காட்டமாட்டார்கள். இதைக் காரணம் என்று சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், ஜாமீனில் வெளியே வந்திருந்த அவர் வந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை. தாடி வளர்ந்திருந்தது. கையில் பை இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"மன்னிப்பு கேக்க வர்லமா. அதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. ஒரே ஒரு விசயம் கேட்டுட்டுப் போயிடறேன்."

"சொல்லுங்க."

"யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், எனக்குப் பிடிபடல. வில்ல இல்லன்னாலும் அவ்ளோ பெரிய ஜன்னலு தொறந்திருந்தா பொக வெளிய போயிடணும். எப்பிடி உள்ள நின்னுச்சி? அந்தப் பாழாப்போன பொகைக்கு வாசனகூட இல்லியாமே, இருந்தா நானே புடிச்சிருப்பேன்." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார். "அன்னிக்கு அந்த ஜன்னலு தொறந்துதானம்மா இருந்துச்சி?"

"ஆமா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"ஆங்" என்று தலையாட்டினார். "நீங்க சொன்னா சரிதான். அப்போ தொறந்திருந்தாலும் ஆள் போவும். அப்போ நான் ஒயர் சேத்த வூடு அத்தினியும்..." முடிக்காமல் மொபெட்டை நோக்கி நடந்தார்.

என் பொய்யை எடுத்துக்கொண்டு அவர் வீடு வீடாக அலைந்தார். எங்கெங்கே வில்லையை எடுத்தாரோ அங்கெல்லாம் போய், புது வில்லை மாட்டவேண்டும் என்று கெஞ்சினார். நன்றாக எரிகிற கீசரை எதற்குத் தொடவேண்டும் என்று பாதி வீட்டில் கேட்டார்கள். மீதி வீட்டில் கதவையே திறக்கவில்லை. லாட்ஜ் மேனேஜர், "ஒரு உசுர எடுத்துட்டு இப்ப இன்னொன்ன எடுக்க வந்தியா?" என்று தெருவில் வைத்தே கேட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூன்று நாள் தொடர்ந்து அந்த லாட்ஜ் வாசலில் வந்து நின்றார். மூன்றாம் நாள் மாட்டவிட்டார்கள். புது வேலைக்கு அதன்பிறகு அவரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு பகலில் கேட் சத்தம் கேட்டது. அவர்தான். மூச்சு வாங்கியது. இந்த முறை உள்ளே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படியில் நின்றார்.

"அம்மையார்குப்பத்துலேர்ந்து வரேன்மா. ஒரு தறிக்காரங்க வூடு. அங்கயும் நான் ஒயர் சேத்திருந்தேன். போய்க் கேக்கறேன், பொண்ணுக்குப் பிரசவம் ஆயி பத்து நாளாம். பாத்ரூம் ஜன்னலு தொறந்திருக்குதான்னு கேட்டேன். அந்தப் பொண்ணோட அம்மா, ஆங் தொறந்துதான் கீதுன்னாங்க."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயுசுல மொத தடவையா, நம்பாம உள்ள போயிட்டேன்மா. அவங்க கத்தறாங்க, நான் கதவத் தள்ளிட்டேன். ஜன்னலு பூரா பொடவத் துணி. பச்ச ஒடம்புக்காரிக்குக் காத்து படக்கூடாதுன்னு அடச்சி வெச்சிருக்காங்க. ஏம்மா பொய் சொன்னீங்கன்னு கேட்டா அந்தம்மா அழுவறாங்க. ஆம்பள ஆளுகிட்ட அதெல்லாம் எப்பிடிச் சொல்றதுன்னு கேக்கறாங்க. அவங்க மேல தப்பு இல்லமா. வெக்கம். அவ்ளோதான்."

என்னைப் பார்த்தார். நான் வாசல் குழாயைப் பார்த்தேன். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் தெரிந்தேதான் மறைத்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்தக் கேள்வி வரும், வந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மனசார நினைத்தேன். ஆறேழு கேள்வி கேட்டபிறகே பையைத் திறக்கிற மனிதர் அல்லவா, கேட்காமல் போகமாட்டார் என்று காத்திருந்தேன்.

அவரும் காத்திருந்தார். இப்போது யோசித்தால், நானாகச் சொல்வதற்கு எனக்கு நேரம் கொடுத்தார் என்று புரிகிறது. கேட்டிருந்தால் என் பேச்சை நம்பவில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னதுபோல ஆகிவிடும் அவருக்கு. ஒரு வார்த்தை சொல்லத் தாராளமாகப் போதுமான நேரம் நின்றார்.

"சரிம்மா. கொழந்த நல்லா கீதா?"

"நல்லா இருக்கா."

"ஆங்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டில் அவர் வாக்குமூலத்தை மாற்றவில்லை. ஜன்னலில் துணி இருந்திருக்கும் என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய சுமை பாதியாவது குறைந்திருக்கும். சொல்லவில்லை. ஒயரைச் சேர்த்தது நான் என்றுதான் கடைசிவரை சொன்னார். அதுவும் உண்மைதானே என்று என்னையே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்திருக்கிறேன், நடக்கவில்லை. கேஸ் முடிவதற்கு முன்பே, நகரியில் மகள் வீட்டில், மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய சம்சாரம் எனக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். நகரி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை.

வசந்தியின் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. கிருத்திகைக்குக் கிருத்திகை மாப்பிள்ளை அவளை மலைக்குக் கூட்டிவருவார். இறங்கி வந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு மாதம் முழுக்க அந்த ஒரு வேளைதான். போன தடவை கை கழுவப் போனவள், பாத்ரூம் சுவரில் ஆணி அடித்த நான்கு ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிம்மா, அங்கதான கீசர் இருந்துச்சு?"

"ஆமா கண்ணு."

"அப்பா சொன்னாரு. அந்தக் கீசர்க்காரரு கெட்டவரா பெரிம்மா?"

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குழந்தையும் பார்த்தாள். அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்து, நெய் விட்டுப் பிசைந்துகொண்டே, "ஆமா" என்றேன்.